கமராவை நிப்பாட்டிட்டியோ?

குருநகர்,
17.06.2025

பிரசாந்தி,

போனில் கதைத்தால் அதையும் நீ பதிவு செய்வாய். அதனால்தான் கடிதம். உன் இலக்கத்தை மறித்துவிட்டேன். வீட்டுப் பக்கமும் வராதே. சொல்ல ஏதாவது இருந்தால் தாளில் எழுதி அனுப்பு. விருப்பமிருந்தால் வாசிப்பேன்.

சனிக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பின்னால் நீ "அப்படி இல்லை" என்று சொல்லக்கூடாது.

கல்லூரி மண்டபத்தில் எங்கள் படத்தைக் கடைசியாகப் போட்டார்கள். ஒரு வருடத் திரைப்பட வகுப்பின் முடிவுப் படம். குருநகர் சந்தையில் மீன் விற்கிற மக்டலீன், அதாவது என் அம்மா, கணவனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு ஒரு பெண்பிள்ளையை வளர்த்த கதை. கேதீஸ்வரி மிஸ்ஸுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது அதுதான். நீ கமரா, நான் ஒலி. வெட்டி ஒட்டுவதை இருவரும் சேர்ந்து செய்வதாக இருந்தோம். எனக்கு டெங்கு வந்தது. பதினாறு நாள் படுக்கையில் கிடந்தேன். "நீ யோசிக்காதை, நான் முடிக்கிறன்" என்றாய். நம்பினேன். நம்பித்தான் சந்தைப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்பாவின் அக்கா றெஜினா மாமியை முதல் வரிசையில் இருத்தினேன். அம்மா மட்டும் வரவில்லை. "என்ரை மூஞ்சையை அவ்வளவு பெரிசாப் பாக்க ஏலாதடி" என்று நின்றுவிட்டார்.

ஒன்பதாவது நிமிடத்தில் எங்கள் குசினி வந்தது. நான் பார்த்திராத காட்சி. அம்மா நிலத்தில் இருந்தபடி, கமராவைப் பார்க்காமல், உன்னைப் பார்த்துச் சொல்கிறார்:

"ஏழு மாசம் கழிச்சு ஒரு போன் வந்தது. அவர்தான். ராமேசுவரத்திலை நிக்கிறன், இஞ்சை ஒருத்தியோடை இருக்கிறன் எண்டார். நான் அழேல்லை. வராதையுங்கோ எண்டன். உங்களுக்கு முப்பத்தோராம் நாள் பூசையும் குடுத்தாச்சு. நீங்கள் செத்திட்டியள்."

அதோடு படம் முடிந்தது. அம்மாவின் முகம் திரையில் அப்படியே நிற்க, அதன்மேல் உன் பெயரும் என் பெயரும் ஏறின. எல்லாரும் கை தட்டினார்கள். மாமி எழுந்து நின்றார். அவருடைய நிழல் அம்மாவின் முகத்தில் விழுந்தது. "என்ரை தம்பி உயிரோடை இருக்கிறானோ?" என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ அதையும் படத்தில் ஒரு பகுதி என்று நினைத்து மறுபடி தட்டினார்கள்.

என் அப்பா சாகவில்லை என்று இருபத்தொரு வயதில் நான் அறிந்துகொண்ட விதம் இது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றுதான் சொன்னார். "கமராவை நிப்பாட்டிட்டியோ எண்டு கேட்டனான். ஓம் எண்டாள்."

எந்த நாள் என்று யோசித்துக் கண்டுபிடித்தேன். வெயில் தாங்கவில்லை என்று நீ சொல்ல, உனக்குச் சோடா வாங்கச் சந்திக் கடைக்கு நடந்து போனேனே, அந்த நாள். திரும்பி வந்தபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்ரி வெங்காயம் உரிச்சவ" என்றாய். போத்தலைத் திறந்து உன் கையில் தந்தேன்.

மிஸ் இந்தப் படத்தைக் கொழும்பில் நடக்கிற மாணவர் திரைப்பட விழாவுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். அனுப்பவிடாதே. நான் கேட்பது அது ஒன்றுதான்.

ஜெனிற்றா


கொடிகாமம்,
21.06.2025

ஜெனிற்றா,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் அழுதேன். மற்ற இரண்டு தரமும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

மாமி எழுந்து நின்றதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவாய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உனக்குத் தெரியாது என்றும் நான் நினைக்கவில்லை. ஒரே வீட்டில் நீங்கள் இரண்டே இரண்டு பேர். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கதைக்காமல் இருந்திருப்பீர்கள் என்று யார் நினைப்பார்கள்? உனக்குத் தெரியும், வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறாய் என்றுதான் இருந்தேன்.

என்னைப் பற்றி நீ ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்து இரண்டு தரம் விழுந்தவள். எங்கள் வீட்டில் என் பெயர் பிரசாந்தி இல்லை, "உது படிப்பு ஏறாதது" என்பதுதான். அப்பாவின் மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கி வைப்பதுதான் என் வேலை என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். நானும் முடிவுகட்டிவிட்டேன். இந்த வகுப்புக்கு வந்ததே வீட்டில் இருக்க ஏலாமல்தான்.

முதல் நாள் மிஸ் ஆளுக்கொரு அட்டை தந்தது நினைவிருக்கிறதா? நடுவில் நீள்சதுரமாக ஒரு ஓட்டை. அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்தில் அரை மணித்தியாலம் நிற்கச் சொன்னார். எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது. நீயும் சிரித்தாய். என் ஓட்டைக்குள் ஒரு பெண்ணின் கால் வந்தது. அவள் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் காலால் மற்றக் காலை உரசிக்கொண்டு நின்றாள். முகம் தெரியவில்லை. ஆனால் அவள் விடியலிலிருந்து நிற்கிறாள், இருக்க இடம் கிடைக்கவில்லை, கேட்கவும் மனமில்லை என்று எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டேன். வகுப்பில் அதைச் சொன்னபோது மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு ரீச்சர் என்னை அப்படிப் பார்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

பிறகு எங்கள் படம். ஒன்பது நாள் எடுத்தோம். என்ன எடுத்தோம்? கடல், வள்ளம், தராசு, பனிக்கட்டி. உன் அம்மா கதிரையில் நிமிர்ந்திருந்து, கோயிலில் வாசிப்பதுபோல "ஆண்டவர் எங்களைக் கைவிடேல்லை" என்றார். மிஸ் அதைப் பார்க்கும்போது கொட்டாவியை மறைத்தார், நான் கண்டேன். நீ பொருட்படுத்தவில்லை. ஒலி துப்புரவாக வந்தால் உனக்குப் போதும்.

அன்றைக்கு நான் சும்மா கேட்டேன். "அன்ரி, அவர் திரும்பி வருவாரெண்டு யோசிக்கிறனீங்களோ?" அந்தக் கேள்விக்கு அவர் முகம் மாறியது. கமராவை நிப்பாட்டிட்டியோ என்று கேட்டார். ஓம் என்றேன். பொய்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு விரலை எடுக்க என்னால் முடியவில்லை. என் இடத்தில் நீ இருந்தால் நீயும் நிறுத்தியிருக்கமாட்டாய்.

பதின்மூன்று வருடமாக உன் அம்மா ஊருக்கே ஒரு பொய் சொல்லியிருக்கிறார். நான் சொன்னது ஒரே ஒரு ஓம். எது பெரிது?

படத்தை மீளப் பெறமாட்டேன். வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பிரசாந்தி


குருநகர்,
25.06.2025

பிரசாந்தி,

அம்மாவின் பொய்யை உன் பொய்யோடு வைத்து நிறுக்க நீ யார்?

உன் ஒரு ஓமுக்குப் பிறகு இங்கே நடந்ததைக் கேள். திங்கட்கிழமை மாமி சந்தைக்கு வந்தார். அவர் தம்பிக்காகப் பதின்மூன்று வருடம் கலர்ச் சீலை உடுக்காத மனுஷி. நவம்பர் இரண்டாம் திகதி, செத்தவர்களின் திருநாளில், சேமக்காலையில், கடலில் போனவர்களுக்கென்று நட்ட சிலுவையடியில், மற்றவர்கள் எழுந்து போன பிறகும் முழங்காலில் இருப்பார். என்னையும் பக்கத்தில் இருத்துவார். அன்றைக்குத் தன் வீட்டுச் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்தார். அம்மாவின் மீன் பலகையில், பாரை மீனுக்கு மேலே அதை வைத்தார். "இந்தா, உன்ரை பிணம். நீயே வைச்சுக்கொள்" என்றார். சந்தை முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது.

அம்மா படத்தை எடுத்துத் துடைத்து, சாக்கால் சுற்றிக் கீழே வைத்துவிட்டு மத்தியானம் வரை மீன் வெட்டினார். அன்றைக்குப் பிறகு சந்தைக்குப் போகவில்லை.

உன் அட்டை ஓட்டைக் கதையை வாசித்தேன். உனக்கு மட்டும்தான் அந்த வகுப்பு ஏதோ தந்தது என்று நினைக்கிறாயா? "ஒலி துப்புரவாக வந்தால் போதும்" என்று எழுதியிருக்கிறாயே, ஒலி என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா? முதல்முதல் சந்தையில் ஹெட்போனைப் போட்டபோது எனக்கு அழுகை வந்தது. மீன் வால் பலகையில் அடிக்கிற சத்தம், பனிக்கட்டி உடைகிற சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் அம்மா மூச்சு வாங்குகிற சத்தம். கூவுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவர் நெஞ்சைப் பிடித்து இழுத்து மூச்செடுக்கிறார். எட்டு வயதிலிருந்து அந்தச் சந்தைக்குப் போகிறேன். அது எனக்குக் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் என் காது திறந்தது. நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. நீ கேட்கவுமில்லை.

ஆளில்லாத அறையை ஒரு நிமிடம் பதிவு செய்யச் சொல்லி மிஸ் ஒருநாள் பயிற்சி தந்தாரே. இப்போது எங்கள் வீடு முழுவதும் அந்த ஒரு நிமிடம்தான். அம்மா சோற்றைப் போட்டு மூடி வைக்கிறார். நான் திறந்து சாப்பிடுகிறேன். இடையில் ஒரு சொல் இல்லை. பதினொரு நாளாயிற்று.

யாரில் எனக்கு அதிகம் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. அவர் எனக்குச் சொல்லவில்லை. அதைக்கூடத் தாங்குவேன். உனக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் ஒன்பது நாள் சாப்பிட்ட ஒருத்திக்கு.

வகுப்புக்கு இனி நான் வரமாட்டேன்.

ஜெனிற்றா


கொடிகாமம்,
30.06.2025

ஜெனிற்றா,

மிஸ் படத்தை அனுப்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. உன்னிடம் ஒளிக்க விருப்பமில்லாததால் சொல்கிறேன்.

சந்தையில் நடந்தது பெரிய கொடுமை. ஆனால் உன் அப்பாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது நானில்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை, எனக்கு ஏன் சொன்னார் என்று கேட்டிருக்கிறாய். நான் கேட்டேன், அதனால் சொன்னார். பதின்மூன்று வருடத்தில் நீ உன் அம்மாவிடம் ஒரு நாளாவது கேட்டாயா? மைக்கைத்தான் நீட்டினாய்.

பிரசாந்தி


குருநகர்,
03.07.2025

கேட்டேன்.

எட்டு வயதில், அப்பா போய் எட்டாவதோ ஒன்பதாவதோ மாதம். பள்ளிக்கூடத்தால் வந்து, "அப்பா எப்ப அம்மா வருவார்?" என்று கேட்டேன். அம்மா எனக்குக் கன்னத்தில் அறைந்தார். பிறகு என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஏன் அடித்தார் என்று இப்போதுதான் விளங்குகிறது. அந்தப் போன் வந்து ஒன்றிரண்டு கிழமைதான் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இதையும் எடுத்து எங்கேயாவது ஒட்டு. இனி எனக்கு எழுதாதே.

ஜெ.


கொடிகாமம்,
10.07.2025

ஜெனிற்றா,

எழுதாதே என்றாய். இதை நான் எழுதியே ஆகவேண்டும். உன் அம்மா வந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கடையில் நின்றேன். யாழ்ப்பாணத்தால் வந்த பஸ்ஸிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நேரே என்னிடம் வந்து, "பிள்ளை, படத்தைக் காட்டு" என்றார். அப்பா கதிரை எடுத்துப் போட்டார். அவர் இருக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். உன் அம்மா அதைத் தொடவில்லை. லப்டொப்பை மேசையில் வைத்துப் போட்டேன். சந்தைக் காட்சி வந்தபோது, "சீலை இழுபட்டுக் கிடக்கு, சொல்லியிருக்கலாமே" என்றார். உன் ஒலியில் மீன் வெட்டுகிற சத்தம் வந்தபோது தலையைச் சரித்துக் கேட்டார். பிறகு குசினி வந்தது. தன்னைத் தானே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். முடிந்தது. அழவில்லை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது.

"இதுக்குப் பிறகு நான் ஒண்டு சொன்னனான். அது எங்கை?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நீளமாப் போச்சுது அன்ரி. வெட்டிட்டன்."

"எவ்வளவு நீளம்?"

"பதினொரு செக்கன்."

"அதைப் போடு."

வெட்டாத பதிவைத் தேடி எடுத்துப் போட்டேன். ஜெனிற்றா, முதல் கடிதத்தில் நான் உனக்கு எழுதியது பொய். உனக்குத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். "நீங்கள் செத்திட்டியள்" என்ற பிறகு உன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஜெனிற்றாவுக்கு உது தெரியாது. அவள் படிப்பை முடிக்கட்டும். நான்தான் அவளுக்குச் சொல்லுவன். வேறை ஆரும் சொல்லக்கூடாது, விளங்குதோ?"

பதிவில் நான் தலையாட்டுவது கேட்காது. ஆனால் தலையாட்டினேன்.

அதை ஏன் வெட்டினேன் என்று நீ கேட்கப்போகிறாய். "செத்திட்டியள்" என்ற இடத்தில் நிறுத்தினால் ஆட்களின் மூச்சு நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பதினொரு செக்கனும் இருந்தால் அவர் வெறும் அம்மாவாகிவிடுவார், படம் இறங்கிவிடும். ஓட்டைக்குள் எது இருக்கவேண்டும், எது இருக்கக்கூடாது என்று பார்க்கத்தானே படித்தேன். படித்ததை வைத்து உன்னை வெளியில் தள்ளினேன். அந்த இரவுகளில் நீ காய்ச்சலில் கிடந்தாய், நான் உன் அம்மா உனக்கென்று வைத்திருந்ததை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிவிட்டு எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதுதான் எனக்கு இப்போது தாங்கமுடியாமல் இருக்கிறது.

உன் அம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். படலைவரை போய்த் திரும்பிச் சொன்னார்.

"என்ரை வீட்டிலை சோறு திண்டிட்டு ஓம் எண்டனி. அதை நான் மறக்கமாட்டன். ஆனா உந்தத் துண்டை என்ரை பிள்ளைக்குக் குடு. நான் சொல்ல இருந்தனான் எண்டு இப்ப சொன்னா அவள் நம்பமாட்டாள்."

அப்பா பஸ்வரை பின்னால் நடந்து போய் ஏற்றிவிட்டு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளாக என்னோடு கதைக்கவும் இல்லை.

பென் டிரைவைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அதில் குசினிப் பதிவு முழுவதும் இருக்கிறது. ஒரு செக்கனும் வெட்டவில்லை. என்னிடம் இருந்ததை அழித்துவிட்டேன். நம்பச் சொல்லி உன்னைக் கேட்க எனக்கு உரிமையில்லை.

பிரசாந்தி


கொடிகாமம்,
18.07.2025

ஜெனிற்றா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவுமில்லை. நடந்ததை மட்டும் அறிவிக்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். கமரா ஓடவில்லை என்று அன்ரியிடம் பொய் சொன்னேன், அவர் சம்மதித்தார் என்று மிஸ்ஸிடம் பொய் சொன்னேன், ஜெனிற்றாவுக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்டே படத்தைப் போட்டேன். இந்த மூன்றையும் விரல்விட்டுச் சொன்னேன். இல்லாவிட்டால் நடுவில் ஒன்றை விட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

மிஸ் வெளிறிப்போனார். "நீ எழுதித் தந்ததை நம்பித்தானே நான் கையெழுத்து வைச்சனான்" என்றார். பிறகு கத்தினார். நான் நின்றேன். அன்றைக்கே கொழும்புக்குக் கதைத்துப் படத்தை மீளப் பெற்றுவிட்டார். கல்லூரிக் கணினியில் இருந்த பிரதியை என் முன்னால் அழித்தார். எனக்கு இந்த வருடம் சான்றிதழ் இல்லை. அடுத்த வருடம் திரும்பச் சேரவிடுவார்களா என்று கூட்டம் வைத்துத்தான் சொல்வார்களாம்.

எல்லாரும் போன பிறகு மிஸ் மேசையில் இருந்தபடி, "ஆனா பிரசாந்தி, அந்த வெட்டு நல்ல வெட்டு" என்றார். இரண்டு மாதத்துக்கு முன் அதைக் கேட்டிருந்தால் பறந்திருப்பேன். அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அவரிலும் கோபம் வந்தது. படம் போட்ட அன்று, மாமி எழுந்து நின்றபோது, அவரும்தானே தட்டிக்கொண்டிருந்தார்.

நீ சான்றிதழ் எடுக்கலாம். செப்டெம்பருக்கு முன் தனியாக ஒரு வேலை செய்து கொடுத்தால் போதும் என்று மிஸ் சொல்லச் சொன்னார். வகுப்புக்குப் போ. நான் அங்கே இருக்கமாட்டேன்.

காலையில் கடையில் நிற்கிறேன். நேற்று ஒரு கிழவி பூசணிக்காயைத் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். பார்க்க ஆசையாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்ப்பதற்கே இப்போது பயமாக இருக்கிறது.

பிரசாந்தி


குருநகர்,
27.07.2025

பிரசாந்தி,

பென் டிரைவ் வந்து சேர்ந்தது. ஒரு கிழமைக்கு மேல் அதை அலுமாரிக்குள் போட்டு வைத்திருந்தேன். உன் கையால் வந்த எதையும் திறக்க எனக்கு விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு தனியாகக் கேட்டேன். படத்தைப் பார்க்கவில்லை. திரையைக் கைலேஞ்சித் துணியால் மூடிவிட்டுக் குரலை மட்டும் கேட்டேன். நீ ஓம் என்று சொல்வது அதில் நன்றாக விழுந்திருக்கிறது. ஒரு தடுமாற்றமும் இல்லாத ஓம். அதை இரண்டு தரம் கேட்டேன், என் கோபம் சரியானதுதானா என்று பார்க்க. சரியானதுதான்.

பிறகு அந்தப் பதினொரு செக்கன். "நான்தான் அவளுக்குச் சொல்லுவன்" என்பதற்கு முன்னால் அம்மா ஒரு மூச்செடுக்கிறார். சந்தையில் கூவுவதற்கு முன் எடுக்கிற அதே மூச்சு. அது உனக்கு வெட்டவேண்டிய நீளமாகத் தெரிந்திருக்கிறது.

அம்மா குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஹெட்போன் வயரைப் பிடுங்கினேன். அவருடைய குரல் குசினிக்குள் சத்தமாக வந்தது. அவர் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. முடியும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் அவரோடு கதைக்காமல் இருந்ததில் என் குரல் எனக்கே பிடிபடவில்லை.

"அம்மா, படிப்பு முடிஞ்சுது" என்றேன். "சொல்லுங்கோ."

அவர் அரிசிப் பானையை மூடி வைத்தார். கையைத் துடைத்தார். நிலத்தில் இருந்தார். நானும் இருந்தேன். "என்னத்தைச் சொல்ல" என்று தொடங்கினார். எனக்குக் கோபம் வந்தது, கத்தினேன். அவரும் கத்தினார். "ஓமடி, மறைச்சனான். உன்ரை கொப்பர் உன்னை வேண்டாமெண்டு போட்டார் எண்டு எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லுறது? செத்துப்போனவர் உன்னில பாசமான ஆள். உயிரோடை இருக்கிறவர் ஆர்?" என்றார். பக்கத்து வீட்டார் யன்னலைச் சாத்தினார்கள். இவ்வளவும் உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் இவ்வளவும் தெருவுக்கே கேட்டது.

பிறகு அம்மா குரலைத் தணித்தார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகிற நேரம் தொடங்கியவர், கோயிலில் ஆறு மணித் திரிகால செபத்துக்கு மணி அடிக்கும்வரை சொன்னார். முதலிலிருந்து, எல்லாவற்றையும். நான் ஒன்றையும் பதிவு செய்யவில்லை.

மாமியிடம் அவர் தானே போகப்போகிறார். நானும் கூடப் போகிறேன். மாமி படலையைத் திறப்பாரோ தெரியாது. திறக்கும்வரை நிற்பது என்று முடிவு. நாளைக்கு அம்மா சந்தைக்கும் போகிறார். செப்டெம்பருக்குக் கொடுக்கவேண்டிய வேலையை நான் தனியாகச் செய்கிறேன்.

நீ வகுப்பில் எழுந்து நின்று சொன்னதைக் கேள்விப்பட்டேன். செய்யவேண்டியதைச் செய்திருக்கிறாய். அதற்காக நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற நாள் வருமோ தெரியாது. வந்தால் எழுதுவேன். வராவிட்டால் இதுதான் கடைசிக் கடிதம். கிழவி பூசணிக்காயைத் தட்டுவதை நீ பார்க்கலாம். அவளிடம் கேட்டுவிட்டுப் பார்.

அன்று பின்னேரம் அம்மா எனக்கு என்ன சொன்னார் என்று அறிய நீ ஆசைப்படுவாய். உன்னை எனக்குத் தெரியும். அவர் எங்கே நிறுத்தினார், எங்கே அழுதார், எங்கே சிரித்தார் என்பதெல்லாம் எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

உனக்குச் சொல்லமாட்டேன்.

ஜெனிற்றா